பிர்பாவுக்குப் போட்ட ஊசி

என் வீட்டுக்காரர் ரெமிஜியோ நல்ல மனுஷர்தான். காளான் பேச்சு வந்தால் மட்டும் வாயைத் திறந்தால் பொய். டூரினுக்குத் தெற்கே எங்கள் லாங்கே மலைகளில் மண்ணுக்கடியில் விளைகிற வெள்ளை ட்ரஃபிள் காளானைத் தேடிப் போகிற ஆம்பிளைகள் எல்லோரும் அப்படித்தான், ஆனால் இவர் ஒரு படி மேலே. கிழக்கே போகவேண்டியிருந்தால் காரைக் கொண்டுபோய் மேற்கே நிறுத்திவிட்டு, திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போவார். பை நிறையக் கிடைத்த நாளில் பாரில் உட்கார்ந்து, "இந்த வருஷம் மண்ணு செத்துப்போச்சுப்பா" என்று பெருமூச்சு விடுவார். கட்டிய பெண்டாட்டி எனக்கே அவருடைய இடங்கள் தெரியாது. கல்யாணமான புதிதில் ஆசையாகக் கேட்டேன். "ஆத்தோரம்" என்றார். எங்கள் ஊரில் எந்த இடம் ஆற்றோரம் இல்லை? அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

எனக்கோ எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளை இப்படி ஒரு கல்லுளிமங்கனுக்குக் கட்டிவைத்தார்கள். பிறகு எப்படி வீட்டில் சண்டை வராமல் இருக்கும்?

எங்கள் சண்டையில் நியாயம் சொல்கிறவள் பிர்பா. சுருட்டை முடியும் பழுப்பு மூக்கும் உள்ள நாய். போக்கிரி என்று பொருள்படும் பெயர் அது, பொருத்தமான பெயர்தான். "பாத்தியா பிர்பா, உங்கம்மா கத்தறதை" என்று ரெமிஜியோ அவளிடம்தான் முறையிடுவார். பக்கத்து மலைக்காரன் பத்திஸ்தா அவளுக்கு ஒரு புதுக் காரின் விலையைத் தருவதாகச் சொல்லிப் பார்த்தான். இவர் அவனோடு ஒரு வருஷம் பேசவில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் பிர்பாவுக்கு ரொட்டியின் காய்ந்த ஓரத்தைப் போட்டேன். ஒரு பக்கமாகவே மென்றாள். எச்சிலில் சிவப்பாக ஒரு கோடு. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கீழ் ஈறில், பழுத்த மல்பெரிப் பழம் மாதிரி கறுப்பாக ஒரு கட்டி. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊர் மிருக வைத்தியர் பார்த்த மாத்திரத்தில் கையைக் கழுவிக்கொண்டு, "இது என் கையில இல்லம்மா, டூரினுக்குக் கொண்டுபோங்க. அங்க இதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க" என்றார்.

டாக்டர் நோயெமி ஒல்லியான பெண். பெரிய கண்ணாடி, வேகமான பேச்சு. சோதிக்கிற கட்டிலில் விரித்திருந்த காகிதத்திலேயே பேனாவால் படம் போட்டுக் காட்டுவார். முதலில் இவரிடம் கேள்வி கேட்டார்.

"பிர்பா என்ன வேலை செய்றா?"

"வேலையா? ஒண்ணுமில்ல. சும்மா வீட்டு நாய்."

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. டாக்டரம்மா இவருடைய சேறு காய்ந்த பூட்சைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த, காளான் தோண்டுகிற சின்னக் கொத்துக் கம்பின் பிடியைப் பார்த்தார். அந்தப் பையையே விடாமல் மோந்துகொண்டிருந்த பிர்பாவைப் பார்த்தார். "வீட்டு நாய். சரி" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். "இது மெலனோமா. புற்றுநோய்தான், மறைக்க விரும்பல. கட்டியோட சேர்த்துக் கீழ்த்தாடையில ஒரு துண்டையும் எடுக்கணும்."

"எடுத்துட்டா சரியாப் போயிடுமா?" என்று கேட்டேன்.

"வாயில இருக்கறது போயிடும். ஆனா இந்த வகைக்கு ஒரு கெட்ட குணம் இருக்கும்மா. நாம கத்தி எடுக்கறதுக்கு முன்னாடியே விதை தூவியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க ரத்தத்தோட போயி நுரையீரல்ல உக்காந்துக்கும். இப்ப எடுத்த படத்துல நுரையீரல் சுத்தமா இருக்கு. ஆனா சுத்தமா தெரியறதெல்லாம் சுத்தம்னு சொல்லமுடியாது. கத்தியை வெச்சுக்கிட்டு அதுங்களைத் துரத்தமுடியாது இல்லையா? அதுக்குத்தான் ஆபரேஷன் முடிஞ்சதும் தடுப்பூசி போட்டுப் பாக்கறோம். இது ஆராய்ச்சிதான். சில நாய்ங்களுக்கு நல்லா பலிச்சிருக்கு, சிலதுக்கு இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "தடுப்பூசின்னா வியாதி வர்றதுக்கு முன்னாடி இல்ல போடுவாங்க? வந்தப்புறம் போட்டா அது என்ன தடுப்பு?"

டாக்டரம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க. வாயில வந்ததை இனிமே தடுக்கமுடியாது. பரவறதைத் தடுக்கமுடியுமான்னுதான் பாக்கறோம்." காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி முள் முள்ளாக வரைந்தார். "இது கட்டியோட செல். இந்த முள்ளு இருக்கே, அது ஒரு புரதம். இதைப் பாத்தாலே பிர்பாவோட உடம்பு பாஞ்சு பிடிச்சிருக்கணும். பிடிக்காது. ஏன்னா அது அவளோட சொந்தச் சரக்கு. நம்ம வீட்டு ஆளுதானேன்னு விட்டுடும். அதனால நாங்க என்ன செய்றோம்னா, இதே புரதம் மனுஷங்ககிட்டயும் இருக்கு, கிட்டத்தட்ட இதே ஜாடை. அதைச் செய்யற குறிப்பை ஊசியில வெச்சுத் தொடையில போடறோம். இது யாருடா அந்நியன்னு உடம்பு உஷாராகும். அப்படி உஷாரானா, அதே ஜாடையில இருக்கற வீட்டுத் திருடனையும் கண்டுபிடிச்சுடும்னு ஒரு நம்பிக்கை."

"மனுஷனோடதையா போடுவீங்க?" என்றேன். "தயவுசெஞ்சு இவரோடதைப் போட்டுடாதீங்க டாக்டரம்மா. நாயும் பொய் சொல்லக் கத்துக்கும்."

இவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. காகிதத்திலிருந்த முள் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "கோர்கொன்சோலா" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

"குட்டி நாய்க்கு எடுத்தவுடனே காளானைக் காட்டமாட்டோம். நாத்தம் புடிச்ச கோர்கொன்சோலா சீஸைத் துணியில சுருட்டி மண்ணுல புதைப்போம். அதைத் தோண்டக் கத்துக்கிட்டா, கிட்டத்தட்ட அதே மாதிரி மண்ணுக்குள்ள நாறுற இன்னொண்ணும் தானா புடிபடும். நீங்க சொல்றதும் அதானே? அவ உடம்புக்கு மோப்பம் பழக்கறீங்க."

"அட, ஆமா!" என்றார் டாக்டரம்மா. "நான் இத்தனை நாளா மாணவர்களுக்கு இதைவிட மோசமாத்தான் சொல்லிக்கொடுத்துக்கிட்டிருக்கேன்." பிறகு மெல்ல, "வீட்டு நாய்க்கு எதுக்கு ஐயா அந்தப் பயிற்சியெல்லாம்?" என்று கேட்டார்.

இவர் காது வரைக்கும் சிவந்தார். "எங்க மாமா செய்வாரு" என்றார்.

கிளம்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னார். ஒன்று, வாய்ப் புண் நன்றாக ஆறித் தான் சொல்லும்வரை காட்டுப்பக்கம் விடக்கூடாது. இன்னொன்று, தன்னைக் கேட்காமல் எந்த மாத்திரையும் கொடுக்கக்கூடாது. "காடா? வீட்டு நாய்க்குக் காட்டுல என்னங்க வேலை?" என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஊசி எப்படி வேலை செய்யும் என்பதை அவ்வளவு அழகாகப் புரிந்துகொண்ட மனுஷன், அதே நிமிஷத்தில் இப்படிப் பேசுகிறார். எந்த ரகத்தில் சேர்ப்பது இவரை?

ஆபரேஷன் முடிந்து வந்த பிர்பாவின் முகம் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. நாக்கு இடது பக்கமாக வெளியே தொங்கியது. முதல்முறை பார்த்தபோது இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அப்புறம் தரையில் உட்கார்ந்து, ஆறின பொலேந்தா மக்காச்சோளக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி அவள் வாயில் வைத்தார். என் பிள்ளைகளுக்கு அவர் ஒருநாள்கூட அப்படி ஊட்டியதில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, ஆனால் பார்க்க நன்றாக இருந்தது.

ஊராரிடம், அவளைக் காட்டுப்பன்றி குத்திவிட்டது என்று சொல்லிவைத்தார். நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் பத்திஸ்தாவும் மற்றவர்களும் இவருடைய இடங்களை மோப்பம் பிடிக்கக் கிளம்பிவிடுவார்களாம். "எவ்வளவு பெரிய பன்னி?" என்று பாரில் கேட்டான் பத்திஸ்தா. "உன்னளவு இருக்கும்" என்றார் இவர்.

முதல் ஊசி போடும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பிர்பாவை லேசாக மயக்கிப் படுக்க வைத்தார்கள். தொடையில் ஊசி போட்ட கையோடு, அதே இடத்தில் இரண்டு முனையை வைத்து மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். கால் துள்ளித் துள்ளி அடங்கியது. அப்படிச் செய்தால்தான் செல்லின் கதவு கொஞ்ச நேரம் திறந்து மருந்து உள்ளே போகுமாம். "வலிக்காதா?" என்று கேட்டேன். "மயக்கத்துல தெரியாது" என்றார் டாக்டரம்மா. "கதவு திறந்தது திறந்தபடியே நின்னுட்டா?" என்று கேட்டேன். "மூடிக்கும்மா." "எப்படித் தெரியும்?" இப்படிக் கேட்டுக் கேட்டு, நான் போனாலே அங்கிருந்த நர்சுகள் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

அக்டோபர் வந்தது. காட்டிலிருந்து ஈர இலை வாசனை வர ஆரம்பித்தது. இவர் வீட்டுக்குள் கூண்டில் அடைத்த மாதிரி நடந்தார். பிர்பா வாசல் கதவுக்குக் கீழே மூக்கை வைத்துக்கொண்டு அழுதாள். விடியற்காலையில் இரண்டு பேரும் வெளியே போவதும், எட்டு மணிக்குத் திரும்பி வருவதும் நடந்தது.

"எங்கய்யா போய்ட்டு வர்றீங்க?"

"சும்மா ஒரு நடை. கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன் புள்ள. அவ அழறது உனக்குக் கேக்கலையா?"

எனக்கும் கேட்கத்தான் செய்தது. அதனால் விட்டுவிட்டேன். பிர்பாவும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டுதான் வந்தாள். முகத்து வீக்கம் வடிந்தது. வைத்ததையெல்லாம் தின்றாள், பூனையின் தட்டையும் நக்கினாள். மருந்து பிடித்துக்கொண்டது என்று நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.

அடுத்த ஊசியும் போட்டு, நவம்பர் நடுவில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பில்லை.

"ஒண்ணுமே வரல" என்றார். "உடம்பு உஷாராயிருந்தா ரத்தத்துல அந்தப் புரதத்துக்கு எதிரா எதிர்ப்புப் பொருள் வந்திருக்கணும். கொஞ்சமாவது. இவளுக்கு ஊசி போட்டதே தெரியாத மாதிரி இருக்கு. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா இதைத் தொடர்றதுல அர்த்தமில்ல. பாவம், அவளை வீணா மயக்கி மயக்கி எதுக்குப் படுத்தணும்?"

"அப்போ பரவிடுமா?" என்றேன்.

"பரவலாம். ஊசி இல்லாட்டி இந்த வகையில பெரும்பாலும் பரவுது."

இவர் பிர்பாவின் காதைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எதனால இப்படி ஆகும் டாக்டரம்மா?"

"வயசு ஆயிருந்தா ஆகும். வேற நோய் இருந்தா ஆகும். சில மாத்திரை, முக்கியமா கார்ட்டிசோன் கொடுத்தா ஆகும். அது வீக்கத்தைச் சட்டுனு வடிக்கும், ஆனா உடம்போட காவல்காரங்களையும் தூங்க வெச்சுடும். நீங்க எதுவும் கொடுக்கலையே?"

"இல்ல" என்றார் இவர். கண்ணிமைக்கவில்லை. பாரில் விடுகிற பெருமூச்சு மட்டும்தான் இல்லை.

காரில் வீடு வரும்வரை அவர் பின் சீட்டிலிருந்த பிர்பாவையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஏதோ நெருடியது, என்னவென்று பிடிபடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பிர்பா நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள். முழுக் கிண்ணத்தையும் குடித்தாள். நான் நிரப்பினேன், அதையும் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் சமையலறைத் தரையிலேயே மூத்திரம் போனாள். நானே எத்தனை தடவை துடைத்தேன் அந்த மாதத்தில்! துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். இந்தத் தாகம் எனக்குத் தெரியும். இந்தப் பசியும் தெரியும். போன வருஷம் தோள் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டபோது நான் இப்படித்தான் கூஜா கூஜாவாகக் குடித்தேன், ராத்திரியில் எழுந்து சலாமி தின்றேன், முகம் பௌர்ணமியாட்டம் உப்பியது. அந்த மாத்திரைக்குப் பெயர் கார்ட்டிசோன்.

குளியலறை இழுப்பறையைத் திறந்தேன். மிச்சம் வைத்திருந்த அட்டைகளில் ஒன்றில்கூட மாத்திரை இல்லை.

"ரெமிஜியோ!"

வந்து நின்றார். என் கையில் இருந்த வெறும் அட்டையைப் பார்த்தார்.

"நான் எடுக்கல" என்றார். அது அவருடைய நாக்கு தானாகச் சொன்னது. பிறகு அப்படியே குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லு. இப்ப சொல்லாட்டி நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

"அவ மோப்பம் போச்சுன்னு நெனச்சேன் தெல்ஃபினா." வெறும் அட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆபரேஷனுக்கப்புறம் மொதல்தடவை கூட்டிப்போனேன். காளான் மேலயே கால வெச்சு நடந்து போயிட்டா. எனக்கே வாசனை வருது, அவளுக்கு வரல. முகமெல்லாம் வீங்கி மூக்கை அடைச்சிருந்துது. திரும்பிப் பாத்து என்னையே பாக்கறா, என்ன செய்யணும்னு தெரியாம. அந்தப் பார்வைய என்னால தாங்கமுடியல. உன் மாத்திரை வீக்கத்துக்குன்னு தெரியும். பாதி கொடுத்தேன். ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுட்டா, பாத்தியா, எப்படிக் குதிச்சா தெரியுமா? அதான் நிறுத்தல."

"டாக்டரம்மா கேட்டாங்களேய்யா! மூஞ்சிக்கு நேரா கேட்டாங்களே!"

"சொன்னா, எதுக்குக் கொடுத்தேன்னு கேப்பாங்க. காட்டுக்குப் போனதைச் சொல்லணும். எந்தக் காடுன்னு..."

"எந்தக் காடுன்னு கேட்டு, அந்தம்மா டூரின்லேர்ந்து பஸ் புடிச்சு வந்து உன் காளானைத் தோண்டிட்டுப் போயிடுவாங்களா? மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" நான் கத்திய கத்தலில் பிர்பா மேஜைக்கடியில் போய்ப் பதுங்கினாள். "நீதானே சொன்ன, உடம்புக்கு மோப்பம் பழக்கறாங்கன்னு? அந்த மோப்பத்தை அடைச்சுட்டு, இந்த மூக்கைத் தொறந்து விட்டியேய்யா! கொன்னுட்டியே அவளை!"

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவருடைய அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் குறையவில்லை, ஆனாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீயே பேசிடு புள்ள, டாக்டரம்மாகிட்ட."

"முடியாது. கொடுத்தது நீ. நீ பேசு."

ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இவர் வியர்த்துப்போனார். டாக்டரம்மா திட்டியது எனக்கே கேட்டது. தான் கொடுத்த வலி மாத்திரையோடு இதுவும் சேர்ந்து வயிறு ஓட்டையாகிச் செத்திருப்பாள் என்றார். அதற்குப் பிறகு அவர் குரல் மாறியது. எவ்வளவு, எப்போதிலிருந்து, தினமுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சட்டென்று நிறுத்தக் கூடாது, தான் எழுதித் தரும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், மருந்து முழுக்க வெளியேறிய பிறகு ஊசியை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். நின்றுவிடவில்லை, ஆரம்பிக்கலாம்! நான் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"இன்னொண்ணு ஐயா" என்றார் டாக்டரம்மா. "அவளைக் கூட்டிட்டுப் போன இடம் எது? உங்க பக்கம் நாய்க்கு விஷம் வெச்ச இறைச்சியைப் போடறாங்களாமே. வேற எதையாவது தின்னிருந்தா அதையும் நான் பாக்கணும்."

இவர் என்னைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பழைய செங்கல் சூளைக்குப் பின்னால. பள்ளத்துல இறங்கினா மூணு லிண்டன் மரம் இருக்கு. நடு மரத்தடியில. அங்க விஷம் கிடையாது டாக்டரம்மா, அந்த இடம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

எனக்கு வாய் பிளந்தது பிளந்தபடி இருந்தது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஓர் இடத்தைச் சொல்கிறார், அதுவும் நான் கேட்க. அப்போதுதான் இந்த மனுஷன் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

அந்தப் பருவம் முழுக்க அவர் காட்டுக்குப் போகவில்லை. பிர்பா கதவடியில் அழுதபோது கூடவே தரையில் படுத்துக்கொண்டார். பத்திஸ்தா பாரில் தன் வேட்டையைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதை வாய் திறக்காமல் கேட்டுவிட்டு வந்தார். பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

ஊசியை மறுபடி ஆரம்பித்தோம். கால் மறுபடி துள்ளியது. பிப்ரவரியில் ரத்தம் எடுத்ததோடு நுரையீரலையும் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா இரண்டு சேதி வைத்திருந்தார்.

"ரத்தத்துல வந்துடுச்சு. நல்லாவே வந்திருக்கு. உடம்பு இப்ப தேடுது." நாங்கள் சந்தோஷப்பட வாயெடுப்பதற்குள் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். "ஆனா இங்க பாருங்க ஐயா. இது வலது நுரையீரல். இங்க ஒரு பொட்டு இருக்கு."

இவர் எழுந்து போய், மூக்கு படத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். மிளகு அளவுதான் இருந்தது. டாக்டரம்மா பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டினார், இவரும் தன் விரலை அங்கேயே வைத்தார்.

"இதுதான் அந்த விதையா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கலாம். பழைய தழும்பாகவும் இருக்கலாம். இவ்வளவு சின்னதை வெச்சு ஒண்ணும் சொல்லமுடியாது. விதையா இருந்தா வளரும். வசந்தத்துல இன்னொரு படம் எடுப்போம்."

அந்த இடைவெளியைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. பிர்பா ஒருதரம் இருமினால் இரண்டு பேரும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம். இவர் தினமும் அவள் விலாவில் காதை வைத்துக் கேட்டார். என்ன கேட்கும் என்று நினைத்தாரோ.

செர்ரி பூத்த சமயத்தில் டூரினுக்குப் போனோம். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோலால் அளந்து, மறுபடியும் அளந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அப்படியே இருக்கு" என்றார் கடைசியில். "ஒரு மயிரிழைகூட வளரல. வேற எங்கயும் எதுவும் இல்ல. ரத்தமும் நல்லா இருக்கு."

"அப்போ ஊசி பிடிச்சு வெச்சிருக்கா?" என்றேன்.

"இருக்கலாம். இல்ல அது ஆரம்பத்துலேர்ந்தே ஒண்ணுமில்லாத பொட்டா இருக்கலாம். எனக்கும் தெரிஞ்சுக்கணும்னுதான் ஆசை அம்மா. இன்னும் நிறைய நாய்ங்களுக்குப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஆனா இப்ப இவ நல்லா இருக்கா. காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

இவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா. அந்தப் பொட்டு விதையா இருந்தா... நான் மாத்திரை கொடுத்த நாள்ல போய் உக்காந்ததா? காவல்காரங்க தூங்கினப்போ?"

அந்தப் பெண் நினைத்திருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியல ஐயா. முன்னாடி எடுத்த படத்துல அது இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார்.

இவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பின்னால் போனபோது, பிர்பாவைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டுச் சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷன் இனிமேல் காட்டில் அவள் காளானைத் தோண்டி எடுக்கும்போதெல்லாம் அந்தப் பொட்டைத்தான் பார்ப்பார்.

கார் ஊருக்கு வெளியே வந்ததும் ஆரம்பித்தேன். "நீ வெளிய போனப்புறம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாங்கய்யா. பழைய படத்தையெல்லாம் திரும்ப எடுத்துப் பாத்தாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த படத்துலயே அந்தப் பொட்டு மங்கலா இருக்காம். அப்பக் கவனிக்காம விட்டுட்டாங்களாம்."

அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டார். "முன்னாடி எடுத்ததுலயா?"

"ஆமா. உன் மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

"நீ பாத்தியா?"

"பாத்தேனே. அவங்களே காட்டினாங்க. இடது பக்கம், ஓரமா."

சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது! விரல் வைத்துப் பார்த்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் பொய் சொல்லியும் பொய்யைப் பிடித்தும் பிழைத்தவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகம் எரிந்தது.

ரெமிஜியோ கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டினார்.

"ஆமா" என்றார். "இடதுதான்."

வீடு வரைக்கும் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டிருந்தார். கியர் மாற்றும்போது மட்டும் எடுத்தார்.